முதல் வெள்ளைச் சீட்டு

மொயாத்தா 'ஃபியு' என்று சொன்னது ஒரு வியாழக்கிழமை. தேர்தல் அந்த ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் மூரேயாத் தீவில் அந்த ஒரு சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அலுத்துவிட்டது, இனி என்னால் ஆகாது, ஏன் என்று கேட்காதே என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அன்னாசித் தோட்டத்தில் களையெடுக்கிறவன் கத்தியை மண்ணில் குத்திவிட்டு, ஃபியு என்று சொல்லி மீன் பிடிக்கப் போய்விட்டால், தோட்டக்காரர் வேறு ஆள் பார்ப்பாரே தவிர அவனிடம் போய்க் காரணம் கேட்க மாட்டார். கேட்பது அநாகரிகம். என் அப்பா சீனாவிலிருந்து வந்து இந்தக் கடையைப் போட்டவர். கடைசிவரை அவருக்கு இது பிடிபடவில்லை. "அதென்னடா வியாதி, ஊருக்கே வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நான் இங்கேயே பிறந்தவன். எனக்கும் அவ்வப்போது வருகிறது. சீனன் மகனாகப் போய்விட்டதால் கடையை மட்டும் மூடுவதில்லை.

எங்கள் ஊர் வையோரோவில் மஞ்சள் கட்சிக்குச் சமைக்கிறவள் மொயாத்தா. மஞ்சள் கட்சிதான் ஆளுங்கட்சி. எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து அதுதான் ஆள்கிறது. சாலை போட்டது அது, படகுத்துறை கட்டியது அது, மழை பெய்தால்கூட அவர்கள் தயவு என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. தேர்தல் வந்தால் கட்சி இரண்டு பன்றி அனுப்பும். மொயாத்தா பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மணலில் குழி வெட்டி, கட்டை அடுக்கி, மேலே கருங்கல் பரப்பித் தீ மூட்டுவாள். கல் பழுத்ததும் பன்றி, சேம்பு, ஈரப்பலா, செவ்வாழைக்காய், சேம்பு இலையில் பொதிந்த கோழி எல்லாவற்றையும் இறக்கி, வாழையிலையும் ஈரச்சாக்கும் போட்டு மணலால் மூடிவிடுவாள். எப்போது திறக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஊர் மாதாகோவிலுக்குப் போய்விட்டு, ஓட்டுப் போட்டுவிட்டு, நேரே அந்தக் குழிக்கு வரும். நன்றாகத் தின்றவன் வேறு பக்கம் ஓட்டுப் போட மாட்டான் என்பது கட்சியின் கணக்கு. பல வருஷமாக அந்தக் கணக்கு தப்பவும் இல்லை.

அவள் புருஷன் புனுவா சாலைக் கும்பலுக்கு மேஸ்திரி. அவனையும் சேர்த்து எட்டு ஆட்கள். மழைக்காலத்தில் மலை சரிந்து சாலையில் விழுகிற மண்ணை அள்ளுவது, வாய்க்கால் தூர்வாருவது, ஓரத்துப் புல்லை வெட்டுவது. ஆள் தேக்குமரம் மாதிரி இருப்பான், பேச்சு நத்தை மாதிரி வரும். அந்த எட்டுப் பேர் வேலையும் தேர்தலுக்குத் தேர்தல் புதுப்பிக்கப்படுவது. தவானா தலையை ஆட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தவானா என்று நாங்கள் சொல்வது மேயரை. அவர் மஞ்சளிலும் பழுத்த மஞ்சள்.

பிப்ரவரியில் அடித்த புயலில் தெய்ப்போ வீட்டுக் கூரை பறந்துவிட்டது. தெய்ப்போ விதவை. ஒரே மகன் கப்பலேறிப் போனால் எட்டுகிற எதிர்த் தீவுத் தலைநகர் பப்பேத்தேயில் துறைமுக வேலை பார்க்கிறான். மூன்று மாதமாக நீலத் தார்ப்பாய்க்கு அடியில்தான் குடித்தனம். தேர்தல் நெருங்கவும் தவானாவிடமிருந்து கூரைக்குத் தகரம் வந்தது. புனுவாவின் ஆட்கள் புதன்கிழமை கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கினார்கள். அன்று ராத்திரி டிவியில் பப்பேத்தே ஊர்வலத்தைக் காட்டினார்கள். அதில் எதிர்க்கட்சியான வெள்ளைக் கட்சியின் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் பல்லைக் காட்டினான் தெய்ப்போவின் மகன்.

வியாழன் காலை தவானா புனுவாவுக்குப் போன் செய்து இறக்கியதை ஏற்றச் சொன்னார். புனுவா பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். அவன் தகரத்தைத் தூக்குவதைப் பார்த்த தெய்ப்போ, மழைக்கு ஓரமாக அடுக்குகிறான் என்று நினைத்துக்கொண்டு தேங்காய்ப்பால் விட்டுக் காபி போட்டு எடுத்து வந்தாளாம். அவன் அதை வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத் தகரத்தையும் ஏற்றியிருக்கிறான்.

செய்தி அவனுக்கு முன்னால் என் கடைக்கு வந்துவிட்டது. அவன் வந்து வண்டியை நிறுத்தியபோது மொயாத்தா இரண்டு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நெசமா?" என்று கேட்டாள்.

"தவானா சொன்னாரு."

"அத கேக்கல. காபி குடிச்சியா?"

புனுவா என்னைப் பார்த்தான். நான் சர்க்கரை டின்னைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"கேக்குறேன்ல? தகரத்த ஏத்திக்கிட்டே அந்தக்கா குடுத்த காபிய வாங்கிக் குடிச்சியா, இல்லியா?"

"நீட்டுறாங்க. எப்படி வேணாங்கறது?"

மொயாத்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கத்துவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவள் கத்தினால் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவளோ மூச்சை விடுகிற மாதிரி, "ஃபியு" என்றாள். ஒரு ரொட்டியை வண்டியின் முன்சீட்டில் வைத்துவிட்டு, மற்றதோடு நடந்து போனாள். அன்று சாயங்காலம் பாயும் தலையணையுமாகத் தெய்ப்போவின் தார்ப்பாய்க்குக் குடிபோய்விட்டாள் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை என் கடை வாசல் பெஞ்சில் கும்பல் கூடியது. பேச்செல்லாம் தீஹொத்தி பேச்சு. கும்பலில் இளையவன், அவன் வாயை மூடித் தூங்கி ஒருவரும் பார்த்ததில்லை.

"அண்ணி வரலைன்னா பன்னி வேகாது. பன்னி வேகலைன்னா ஓட்டு வேகாது. ஓட்டு வேகலைன்னா நாம எட்டு பேரும் ஆசென் கடைல மூட்டை தூக்க வேண்டியதுதான்," என்றான். ஆசென் என்பது நான்.

"எட்டு பேருக்கு என்கிட்ட மூட்டை இல்ல," என்றேன்.

"யாராச்சும் போயி அண்ணிகிட்ட பேசுங்கப்பா."

"பேசறதா? ஃபியுன்னு சொன்னவகிட்டயா? நீ போயி பேசு. ஒன் அம்மா உனக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தாளா?" என்று புனுவா எரிந்து விழுந்தான்.

அப்போதுதான் தவானாவின் கார் வந்து நின்றது. இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். கழுத்தில் மஞ்சள் பூமாலை, முகத்தில் எப்போதும் ஒட்டியிருக்கிற சிரிப்பு.

"என்ன புனுவா, வீட்ல சண்டையாமே?"

"சின்னதுதான் தவானா."

"சின்னதாவே இருக்கட்டும். இந்தத் தடவ பப்பேத்தே பக்கம் காத்து சரியில்ல. ரெண்டு தீவுலயும் சேத்து யாரு ஒரு ஓட்டு அதிகமா வாங்குறானோ அவனுக்குத்தான் சபைல கூடுதல் எடம். ஒரு ஓட்டு, கேட்டுக்கோ. வையோரோ பெட்டில இதுவரைக்கும் வெள்ள விழுந்ததில்ல. இப்பவும் விழக் கூடாது. ஒண்ணு விழுந்தாலும் கும்பல கலச்சிருவேன். யாரு போட்டான்னு தேடிக்கிட்டிருக்க மாட்டேன், எட்டு பேரும் வீட்டுக்குப் போங்கன்னுருவேன். பையி நெறையணும், புனுவா."

பை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டுச்சாவடி மேசையில் இரண்டு அடுக்காகச் சீட்டு இருக்கும், மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டுதான் திரைக்குப் பின்னால் போக வேண்டும். பிடித்ததை உறையில் போட்டுப் பெட்டியில் சேர்த்தால் பிடிக்காதது கையில் மிஞ்சும். வையோரோவில் மிஞ்சிய சீட்டைக் குப்பையில் போடுவதில்லை. வெளியே வாதுமை மரத்தடியில் புனுவா அரிசிப் பையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வந்து அதில் போட்டுவிட்டு, எப்படியிருக்கே என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். பையில் வெள்ளை விழுந்தால் பெட்டியில் மஞ்சள் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அரிசிப் பை என் கடையுடையதுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் நானேதான் கொடுப்பேன்.

சனிக்கிழமை காலையில் மலைச்சரிவுத் தோட்டத்துக்கு உரமூட்டை கொண்டுபோக வேண்டியிருந்தது. புனுவாவும் வண்டியில் ஏறிக்கொண்டான். எங்கே வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை. மொயாத்தாவின் துண்டு நிலம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் சக்கரத்தைப் பிடித்தது. மேலே அவள் அன்னாசிக் கன்று நட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள், இலை விளிம்பு ரம்பமாய் அறுக்கும். கம்பியால் ஒரு குத்து, குழிக்குள் கன்று, குதிகாலால் ஒரு மிதி, அடுத்த அடி. தெய்ப்போ பின்னாலேயே கூடையில் கன்றுகளைச் சுமந்து வந்தாள். புனுவாவைக் கண்டதும் தெய்ப்போ, "வாப்பா" என்றாள். எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்தான்.

"ஏ மொயாத்தா. இன்னும் எத்தன நாளுக்கு கோவம்?"

"எனக்குக் கோவமெல்லாம் இல்ல." அவள் நடுவதை நிறுத்தவில்லை. "கோவம்னா நானே திரும்பி வந்திருப்பேன்."

"நாளைக்கு ஒரு நாளு குழிய மட்டும் போட்டுக் குடுத்துரு."

"எவன் வேணா போடட்டும். குழி என்ன என் சொத்தா?"

"ஒனக்குத் தெரியாததா? எட்டு குடும்பம் இருக்கு. தீஹொத்தி பொண்டாட்டி மாசமா இருக்கா. ஒரு வெள்ள விழுந்தாலும் எல்லாரையும் அனுப்பிருவேங்குறாரு."

"நான் எவனையாவது வெள்ளைக்குப் போடச் சொன்னேனா? இத்தன வருசம் அந்த அடுப்புப் பொகைய நான் தின்னேன், ஊரு பன்னிய தின்னுச்சு. சந்தோசமாத்தான் செஞ்சேன். நல்லவங்கன்னு நெனச்சுட்டு செஞ்சேன். இப்ப அந்தக் கல்லு பக்கம் போனாலே எனக்கு அந்தக் காபிதான் ஞாபகம் வருது. கை போக மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் வேற என்ன பண்ணியிருக்கணுங்குற?"

மொயாத்தா நிமிர்ந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலய்யா. ஆனா முடியாதுன்னு வாயத் திறந்து ஒருவாட்டி சொல்லிப் பாத்தியா? சொல்லி வேல போயிருந்தா, ரெண்டு பேரும் சேந்து கன்னு நட்டிருப்போம். நான் என்ன பட்டினியா போட்டிருப்பேன் ஒன்ன?"

புனுவா தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டிக்கு வந்தான். கடைக்கு முன்னால் இறங்கியபிறகு, "ஆசென், கல்லு பழுத்திருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டான்.

"என்கிட்ட அடுப்பு கேஸ்ல எரியுது," என்றேன்.

ஞாயிறு விடியும் முன்னாலேயே எட்டுப் பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புகையில் இருமிக்கொண்டிருந்தார்கள். கட்டை ஈரம். பாதிக் கல் கறுத்துக் கிடந்தபோதே பன்றியை இறக்கிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். தீஹொத்தி, பன்றி எது சமையல்காரன் எது என்று தெரியாத அளவுக்குக் கரி பூசியிருந்தான். பெண்கள் வெள்ளை உடையும் வெள்ளைப் பனையோலைத் தொப்பியுமாக மாதாகோவிலுக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் உதவிக்கு வரவில்லை. மொயாத்தா விட்டுப்போன அடுப்பை இன்னொருத்தி தொடுவது அவளை அவமதிப்பது போல. அதற்காகச் சிரிக்காமல் இருந்தார்கள் என்று அர்த்தமில்லை.

பத்து மணிக்கு மேல் குழியைத் திறந்தார்கள். தோல் கருகியிருந்தது, உள்ளே கத்தி போன இடமெல்லாம் இளஞ்சிவப்பு. சேம்பு கடித்தால் நாக்கு அரித்தது. புனுவா ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றான், துப்புவதற்கு இடம் தேடினான். என் கடை ரொட்டியும் டின் மாட்டிறைச்சியும் அன்று பதினொரு மணிக்குள் தீர்ந்துபோனது. நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஓட்டு நடந்தது. ஆச்சரியம் என்னவென்றால், பசித்த வயிற்றோடு வந்தவர்கள்கூட மிஞ்சிய சீட்டை ஒழுங்காகக் கொண்டுவந்து பையில் போட்டார்கள். எல்லாம் வெள்ளை. "எப்படியிருக்கே புனுவா, பன்னி நல்லாருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார்கள். தெய்ப்போ போட்டாள். நானும் போட்டேன். மொயாத்தா வந்தபோது புனுவா எழுந்து நின்றுவிட்டானாம். அவள் வெள்ளைச் சீட்டை நாலாக மடித்து, பைக்குள் கையை விட்டு அடியில் வைத்துவிட்டுப் போனாள். என்ன இருந்தாலும் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டானாம்.

மூன்று மணிக்குத் தவானாவின் ஆள் வந்து பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, புனுவாவின் முதுகில் தட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் புனுவா ஓட்டுப் போடப் போனான்.

திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அவனே பிறகு என்னிடம் சொன்னான். கையில் இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டு நின்றானாம். மஞ்சளை எடுத்து உறைக்குள் பாதி நுழைத்துவிட்டானாம். "அந்தக் காபி ரொம்ப நல்லாருந்துச்சு ஆசென்," என்றான். "அதான் பிரச்சன. நல்லா இல்லாம இருந்திருந்தா மறந்திருப்பேன்." மஞ்சளை உருவிவிட்டு வெள்ளையைப் போட்டான்.

பைக்கு என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தான். தேர்தலுக்கு முந்தின வாரம் சர்க்கார் எல்லார் வீட்டுக்கும் தபாலில் இரண்டு நிறச் சீட்டும் அனுப்பும். அதை நாங்கள் அடுப்பு மூட்டத்தான் வைத்திருப்போம், ஏனென்றால் சாவடி மேசையிலேயே வேறு சீட்டு கிடைக்கிறது. தன் பங்குக்கு வந்த தபால் வெள்ளையைச் சட்டைப்பையில் எடுத்து வந்திருந்தான் புனுவா. பெட்டிக்கு மேசை வெள்ளை, பைக்குத் தபால் வெள்ளை. மிஞ்சின மஞ்சளைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டான். இப்படி ஒரு யோசனை தீவில் வேறு எவனுக்கும் வந்திருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்ததாம். வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றது உறைத்தது. பெட்டியைத் திறந்தால் ஊர் மஞ்சளுக்கு நடுவில் ஒற்றை வெள்ளை கிடக்கும். தவானா சொன்னது சொன்னதுதான். எட்டுக் குடும்பத்தின் வாயிலும் தானே மண்ணைப் போட்டுவிட்டோம் என்று மரத்தடியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆறு மணிக்குச் சாவடி மூடியதும் எண்ணிக்கை. எங்கள் ஊரில் அது திருவிழா மாதிரி, எல்லாரும் பள்ளிக்கூட வராந்தாவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். மேசையில் பெட்டியைக் கவிழ்த்துக் குவித்தார்கள். ஒருவர் உறையைப் பிரித்துச் சீட்டைக் கொடுக்க, வாத்தியார் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக் கூவ வேண்டும். புனுவா எனக்குப் பக்கத்தில் நின்றான். கதவை ஒட்டித் தவானாவின் ஆள்.

முதல் உறை பிரிந்தது.

"வெள்ளை," என்றார் வாத்தியார்.

புனுவா என் கையைப் பிடித்தான். அந்தக் கைக்கு மண்வெட்டிப் பிடி பழக்கம், என் கை என்ன ஆகும்? அவன் உதடு அசைந்தது. "போச்சு," என்றான். "எடுத்தவுடனே வந்துருச்சு, ஆசென்."

"என்ன வந்துச்சு?"

அவன் பதில் சொல்வதற்குள் வாத்தியார் அடுத்ததைத் தூக்கினார். "வெள்ளை."

புனுவா திரும்பி என்னைப் பார்த்தான். மூன்றாவது மஞ்சள். நாலாவது வெள்ளை. ஐந்து, ஆறு, ஏழு வெள்ளை. வாத்தியாரின் குரல் மாறியது, அவரே ஒவ்வொன்றையும் இரண்டுதடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். எல்லாரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திருட்டுக் கோழி தின்று மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி. பிறகு மூலையில் யாரோ ஒரு பெண் கிக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. சீட்டுக்குச் சீட்டு சிரிப்பு. மஞ்சள் வந்தால் "ஐயோ பாவம்" என்றார்கள். வெள்ளை வந்தால் பக்கத்திலிருப்பவன் முதுகில் அடித்தார்கள்.

புனுவாவின் அபூர்வ யோசனை வையோரோவில் கைத்தடி ஊன்றி வந்தவர்கள் வரைக்கும் வந்திருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவரவர் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, புனுவாவின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாதே என்று பைக்குத் தபால் சீட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். பாதிக்கும் மேல் வெள்ளை. தவானாவின் ஆள் எப்போது போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

பிறகு என் கடை முற்றத்தில்தான் கூட்டம். ரேடியோவை வாசலில் எடுத்து வைத்தேன். மூரேயாவின் மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன, பப்பேத்தே வந்தது. கடைசியில் அந்தப் பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மஞ்சள் கட்சிக்கு இந்தமுறை பெரும்பான்மை இல்லை. அதிக ஓட்டு வித்தியாசமும் இல்லை, எங்களைப் போல நாலைந்து ஊர் மனசு மாறினாலே வந்துவிடும் அளவுதான். ஒருவரும் கூச்சல் போடவில்லை. இது நடக்கக்கூடிய காரியம் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தீஹொத்தி மட்டும், "அப்ப நாளைக்குச் சூரியன் வருமா?" என்று கேட்டான். அவன் மாமியார் அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

மொயாத்தாவும் தெய்ப்போவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். புனுவா எதிரே தரையில் குந்தியிருந்தான்.

"மொத சீட்டு வந்துச்சே," என்றான் மெதுவாக. "அது என்னோடதுன்னு நெனச்சு எனக்கு உசுரே போச்சு."

மொயாத்தா அவனை உற்றுப் பார்த்தாள். "நீயா? நீ வெள்ளைக்கா போட்ட?"

"ம்."

"பொய் சொல்லாத."

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளேயிருந்து கசங்கிய மஞ்சள் சீட்டை எடுத்துக் காட்டினான். வேர்வையில் ஊறிப்போயிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. முகம் மட்டும் என்னவோ ஆயிற்று.

"இருந்தாலும் மொத சீட்டு ஒன்னோடது இல்ல. அது என்னோடது. நான் ஒரு மூலைய மடிச்சுப் போட்டேன், வாத்தியாரு தூக்கறப்ப பாத்தேன்," என்றாள்.

"அண்ணி, மூலய மடிச்சது நானு," என்றான் தீஹொத்தி.

"போங்கடா. சாவடி தெறந்ததும் மொத ஆளா நின்னது நான்," என்றாள் தெய்ப்போ. "மொத சீட்டு என்னோடதுதான்."

"மொதல்ல போட்டா அடியிலல்ல போகும்? கவுத்தா மேல வரும், ஆமா, அப்ப அக்காதான்," என்றது ஒரு குரல்.

"இல்ல, குலுக்குனாங்க."

முற்றம் முழுக்க முதல் சீட்டுக்குச் சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. நேற்றுவரை ஒருவனும் மூச்சுவிடாத ரகசியம், இப்போது ஆளுக்கு ஆள் மாரில் தட்டிக்கொண்டு நானென்கிறான். எனக்கும் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மொயாத்தாதான் கையை உயர்த்தி நிறுத்தினாள். "யோவ், இத சொல்லு. நாளைக்குத் தவானா வந்து நிப்பாரு. பப்பேத்தேல எவன் வந்தாலும் போனாலும் இங்க அவருதான் தவானா. கும்பல கலைக்கறதுன்னா அவரால கலைக்க முடியும். யாருடா ஆரம்பிச்சதுன்னு கேட்டா என்ன சொல்வ?"

சிரிப்பு நின்றுபோனது. கும்பல் ஆட்கள் எட்டுப் பேரும் அங்கேயே இருந்தார்கள். புனுவாவுக்குப் பேச்சு எப்போதும் லேட்டாகத்தான் வரும். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"மொத சீட்டு என்னோடதுன்னு சொல்வேன்," என்றான். "ஊரு மேல பழி போட வேணாம், பையும் என்னோடது, சீட்டும் என்னோடதுன்னு சொல்வேன். அக்காவோட தகரத்தத் திருப்பிக் குடுங்கன்னும் கேப்பேன்."

தெய்ப்போ தோளில் கிடந்த துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள், சண்டை போட்ட எல்லாரையும் ஒவ்வொருவராக.

"கேட்டீங்கல்ல? அது அவனோடதுதான். இனிமே ஒருத்தரும் அதுக்கு வாயத் திறக்கக் கூடாது," என்றாள்.

மொயாத்தா பெஞ்சை விட்டு எழுந்தாள். பாயை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தெய்ப்போவிடம் சொல்லிவிட்டு, புனுவாவின் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.